பார்வையாளனின் உடம்பு - சில குறிப்புகள்

நவீன கலை பற்றி நம் சிற்றேடுகளில் எழுதப்படும்போது 'சௌகரியம்' என்ற சொல் ஒரு வசையாகவே வந்து விழுகிறது. சௌகரியமான ஓவியம் என்றால் காலண்டர் படம். சௌகரியமான கவிதை என்றால் வாரப் பத்திரிகையில் துணுக்குகளுக்கு நடுவே வரும் கவிதை. பார்வையாளனை நெளிய வைப்பதும் அவன் நிம்மதியைக் குலைப்பதும்தான் கலைஞனின் காரியம் என்பது ஏறக்குறைய விவாதத்துக்கு அப்பாற்பட்ட நம்பிக்கையாகிவிட்டது. இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இது ஓவியம் சுவரில் தொங்கிய காலத்து உண்மை. அப்போது பார்வையாளன் பத்தடி தள்ளி நின்றான். குலைந்தது அவன் மனம் மட்டுமே. கால் கடுத்தால் நகர்ந்துபோய் உட்கார்ந்துகொள்ள அவனுக்குத் தடையேதும் இருக்கவில்லை. இன்ஸ்டலேஷன் என்று சொல்லப்படும் நிறுவல் கலை வந்து, அதிலும் பார்வையாளனே உள்ளே நுழைந்து, தொட்டு, நடந்து, தூக்கி, நனைந்து படைப்பைப் பூர்த்தி செய்ய வேண்டிய வகை வந்த பிறகு, குலைவது மனமா முதுகெலும்பா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி மேஸ்திரிக்கும் தச்சனுக்கும் உரியது, விமர்சகனுக்கு உரியதல்ல என்று ஒதுக்கிவிடுகிறோம். படியின் உயரம், வழியின் அகலம், தரையின் வழுக்கல், வெளியேறும் வாசல் - இவை படைப்பின் ஓரத்தில் கிடக்கும் விஷயங்கள் அல்ல, படைப்பின் பொருளே இவற்றில்தான் தீர்மானமாகிறது என்பது என் கட்சி.

ராபர்ட் மாரிஸ் என்ற அமெரிக்கச் சிற்பி 1971 ஏப்ரலில் லண்டன் டேட் காலரியில் ஒரு காட்சி வைத்தார். பார்ப்பதற்கென்று அங்கே ஒன்றும் கிடையாது. ஒட்டுப்பலகையிலும் மரத்திலும் செய்த சாய்தளங்கள், ஏற்ற இறக்கப் பலகைகள், நடப்பதற்குக் கட்டிய கயிறுகள், உருட்டுவதற்குப் பெரிய உருளைகள். வந்தவர்கள் ஏறலாம், தவழலாம், சறுக்கலாம், சமநிலை தவறாமல் நிற்க முயலலாம். தன் உடம்பின் எடையைத் தானே உணர்வதுதான் அங்கே கலை அனுபவம். யோசனை உயர்ந்தது. நான்கே நாளில் மூடிவிட்டார்கள். சொரசொரப்பான மரத்தின் சிம்பு ஏறி வந்தவர்களுக்குக் காயம். கூட்டத்தின் உற்சாகம் மிஞ்சிப்போய் இன்னும் காயம். 2009இல் டேட் மாடர்ன் அதே காட்சியை, இழைத்துத் திருத்திய பொருள்களோடு, மறுபடி கட்டியது. 1971இன் தோல்விக்கு டேட்டின் கட்டுப்பெட்டித்தனத்தைக் காரணமாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடம்பைப் பற்றிய ஒரு படைப்பு உடம்பைப் பற்றி யோசிக்கவில்லை, அவ்வளவுதான். விரலில் ஏறிய சிம்பு மாரிஸின் கருத்துலகில் எங்கும் இல்லாத ஒரு பொருள். அது வந்த கணத்தில் அவருடைய எடை, சமநிலை, வெளி எல்லாம் மறைந்து, பார்வையாளனிடம் விரல் மட்டும் மிஞ்சியது. அதே டேட் மாடர்னில் 2010 அக்டோபரில் ஆய் வெய்வெய் பீங்கானில் செய்த பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். நடக்கலாம், அளையலாம் என்றிருந்தது, பீங்கான் தூசு மூச்சுக்குக் கெடுதல் என்று சில நாட்களிலேயே தடுக்கப்பட்டது. அதன் பின் அது எட்ட நின்று பார்க்கும் சாம்பல் நிற வெளியாயிற்று. அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது வேறு படைப்பு.

இவை தூரத்து உதாரணங்கள், படித்துத் தெரிந்துகொண்டவை. நான் காலை வைத்துப் பார்த்த ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து குமுளி ஏறி இறங்கினால் ஒரு பகல் பயணத்தில் கொச்சி. அங்கே 2012 முதல் நடந்துவரும் பியனாலேயின் மூன்றாவது பதிப்பு 2016 டிசம்பரில் தொடங்கி அடுத்த மார்ச் வரை இருந்தது. சுதர்சன் ஷெட்டி பொறுப்பேற்றிருந்தார். அவர் ஓவியர்களோடு கவிஞர்களையும் அழைத்திருந்தார் என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதல் சுவாரஸ்யம். ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ், மிளகும் இஞ்சியும் காப்பியும் ஏற்றுமதி செய்த பழைய ஆங்கிலக் கம்பெனியின் கட்டடம். அதன் கிடங்கு ஒன்றில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சூரித்தா கடல்நீரை முழங்காலளவு நிறுத்தியிருந்தார். 'வலியின் கடல்' என்பது அதற்கு அவர் இட்ட பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் இறங்கிக் கிடங்கின் நீளம் முழுக்க நடந்தால் எதிர்ச்சுவரில் ஒரு கவிதை. பக்கச் சுவர்களில் கேள்விகள். கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்ற தோரணையில், மிக எளியவை. 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய அலன் குர்தி என்ற குழந்தையின் படம் உலகமெல்லாம் போயிற்று. அதே படகில் மூழ்கி இறந்த அவன் அண்ணன், ஐந்து வயது காலிப்பின் படம் அப்படிப் பரவவில்லை. அந்தப் பையனுக்குத்தான் கிடங்குக் கடல் சமர்ப்பணம்.

இதைப் பற்றி வந்த பாராட்டுகள் பெரும்பாலும் கருப்பொருளைப் பற்றியவை. அகதிகள், கடல், உலக மனசாட்சி என்று. கருப்பொருளுக்காக ஒரு படைப்பைப் பாராட்டுவது எளிது, அது விமர்சனமாகாது. நான் கவனித்தது வேறு. ஒரு வயதான தம்பதி எனக்கு முன்னால் இறங்கினார்கள். அந்த அம்மாள் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கணவரின் தோளைப் பற்றிக்கொண்டார். மூன்று நான்கு தப்படி வரை இருவருடைய கண்ணும் நீரில் இருந்தது. அதற்கு மேல் கண் சுவருக்குப் போய்விட்டது. கால் தரையை நம்பிவிட்டது. நீர் எங்கும் ஒரே அளவு, இருவர் எதிரெதிரே வந்தால் இடிக்காமல் விலகலாம், கூரை உயரம், எந்த இடத்திலிருந்தும் திரும்பிவிடலாம். இத்தனையும் செய்யப்பட்டிருந்ததால்தான் செய்யப்படாமல் விடப்பட்ட ஒன்று - கால் நனைவது - தன் வேலையைச் செய்தது. நீரில் வேகமாக நடக்க முடியாது. கண்காட்சிகளில் நாம் நடக்கும் அந்த அசட்டு நடையை, ஒரு படத்துக்கு எட்டு விநாடி என்று கணக்கு வைத்த நடையை, நீர் பிடித்து நிறுத்தியது. நீர் கால்களுக்கு ஒரு யாப்பு கொடுத்தது என்று சொல்லலாம். கவிதையை அடையும்போது ஏற்கனவே ஒரு மெதுவான வாசகனாக மாறியிருந்தோம்.

சூரித்தாவின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இங்கே ஒன்று உறைக்க வேண்டும். 1973 செப்டம்பர் 11, சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்று, வால்பரைசோவில் அவர் கைதானார். மைப்போ என்ற சரக்குக் கப்பலின் அடித்தட்டில் நூற்றுக்கணக்கானவர்களோடு அடைக்கப்பட்டுச் சித்திரவதைப்பட்டார். 1975இல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தன் கன்னத்தைத் தானே சுட்டுக்கொண்டார். 1980இல் தன் கண்களில் அமோனியாவை ஊற்றிக்கொண்டு பார்வையைப் போக்கிக்கொள்ள முயன்றார். அந்தக் கன்னத்தின் தழும்பு 1979இல் வந்த அவர் கவிதைத் தொகுதியின் அட்டையில் இருக்கிறது. அவர் நாட்டில் கொல்லப்பட்டவர்கள் பலரை ராணுவம் கடலில் எறிந்தது. அந்தக் கடல் அவர் கவிதைகளில் தீராமல் வருகிறது. வலியை இவ்வளவு அருகில் அறிந்த மனிதர் பார்வையாளனிடம் கேட்பது என்ன? முழங்காலளவு நீர். அதற்கு மேல் இல்லை. கப்பலின் அடித்தட்டை மரத்தில் கட்டி, நம்மை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி, 'இதோ, இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை. வலியைத் தன் உடம்பில் வைத்துக்கொண்டார். நமக்கு நீரைத் தந்தார். வலியின் போலியைத் தயாரித்து விநியோகிப்பது, வலிபட்டவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதே ஆஸ்பின்வால் வளாகத்தில் ஸ்லோவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டெகர் மண்ணும் சாணமும் பூசிய ஒரு பிரமிட் கட்டியிருந்தார். நாடு கடத்தப்பட்ட கவிஞர்களுக்கான பிரமிட். உள்ளே இருட்டு, வளைந்து போகும் வழி, இருட்டில் கவிஞர்களின் வரிகள் அவரவர் மொழியில் ஒலிக்கும். ஓவிட், தாந்தே, பிரெக்ட், தர்வீஷ் என்று ஒரு நீண்ட வரிசை. சாணத்தின் வாசனை நமக்கு வீட்டு வாசனை. ஐரோப்பியருக்கு எப்படி இருந்ததோ. இருட்டில் முதல் சில நிமிஷங்கள் நான் குரலைக் கேட்கவில்லை, சுவரைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். எங்கே திரும்ப வேண்டும், யார் மேல் மோதுவேன் என்பதே யோசனை. பழகிய பிறகு குரல் கேட்டது, கேட்டபோது நன்றாகவும் இருந்தது. சூரித்தாவின் நீர் கவிதைக்கு அழைத்துப் போயிற்று. ஷ்டெகரின் இருட்டு வெகுநேரம் கவிதையோடு போட்டி போட்டது. நாடு கடத்தப்படுவது என்பது திசை இழப்பதுதானே, தடவல்தானே என்று வாதிக்கலாம். வாதம் சரி. ஆனால் நான் தடவியது என் மூக்கைக் காப்பாற்றிக்கொள்ள. ஓவிட்டின் துக்கம் அதில் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கம்பத்தில் என்னைவிட இளையவரான நண்பர் ஒருவர் - ஓவியர், கொஞ்சம் கவிதையும் எழுதுகிறவர் - ஒரு நிறுவல் கலைக்குத் திட்டம் போட்டு வரைபடங்களைக் காட்டினார். விஷயம் முல்லைப் பெரியாறு. 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த அந்த அணையைப் பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்கு வீடு பென்னிகுக் படம் இருக்கும். குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைப்பதும் உண்டு. 2013இல் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தாயிற்று. ஆனால் மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியது அணை மட்டுமல்ல. மலை முகட்டைக் குடைந்த சுமார் 5,700 அடிச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதை வெட்டியவர்களும் மலைக்காட்டில் காய்ச்சலில் விழுந்து செத்தவர்களும் பெயரில்லாமல் போனார்கள். நண்பர் அவர்களுக்கு ஒன்று செய்ய நினைக்கிறார். பயன்படாமல் கிடக்கும் ஒரு கிடங்கில் தார்ப்பாயும் சாக்கும் மண்ணும் கொண்டு நாற்பதடி நீளச் சுரங்கம். உயரம் நான்கடி. அகலம் ஒரு ஆள். முழு இருட்டு. மேலிருந்து நீர் சொட்டும். உளியும் சம்மட்டியும் பாறையில் இறங்கும் ஓசை, காது அடைக்கிற அளவில். ஒரு முனையில் நுழைந்தால் மறு முனையில்தான் வெளியே வரலாம்; நடுவில் திரும்ப இடமில்லை.

"அண்ணே, அவங்க பட்டதுல நூத்துல ஒரு பங்காச்சும் வர்றவங்க படட்டுமேண்ணே" என்றார்.

நல்ல மனதிலிருந்து வந்த வார்த்தை. இருந்தும் இதை நான் ஏற்கவில்லை. முதல் காரணம், சுரங்கம் வெட்டியவன் பட்டதில் நூறில் ஒரு பங்கு என்று ஒன்று கிடையாது. வேதனையை எடை போட்டுக் கூறு கட்ட முடியாது. அவனுக்கு வெளியேறும் வாசல் இல்லை. நமக்கு நாற்பதாவது அடியில் இருக்கிறது, அதற்கப்பால் டீக்கடையும் இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தில் மற்ற ஒற்றுமைகள் அத்தனையும் பொய்யாகிவிடும். இரண்டாவது காரணம் இதைவிட நடைமுறையானது, எனக்கு முக்கியமானது. நான்கடி உயரத்தில் குனிந்து நாற்பதடி போகிறவன் யாரைப் பற்றி நினைப்பான்? தன் இடுப்பைப் பற்றி. பல்வலிக்காரனுக்கு உலகமே பல்லாவது போல, உடம்பு நோகும்போது கவனம் முழுவதும் உடம்புக்குள் சுருங்கும். பெயரில்லாமல் செத்தவனை நோக்கி ஒருவனை அழைத்துச் செல்ல வேண்டுமானால் அவனை அவனுடைய உடம்பிலிருந்து கொஞ்சம் விடுவித்தாக வேண்டும். நண்பரின் சுரங்கம் அவனை அங்கேயே கட்டிப்போடுகிறது. வெளியே வந்ததும் 'அப்பாடா' என்பான். அந்த 'அப்பாடா'வைக் கலை அனுபவம் என்று நாம் பெயரிட்டுக்கொள்வோம்.

மூன்றாவதாக ஒன்று. இந்தச் சுரங்கத்துக்குள் யார் வரப்போகிறார்கள்? கொச்சிக்கு வந்தவர்களோடு ஒப்பிட முடியாது. கம்பத்தில் ஒரு கிடங்கைத் திறந்து வைத்தால் வருபவர்கள் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள், விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும் வேளையில் திரும்புகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள். திராட்சைப் பந்தலைக் கீழே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பந்தலின் உயரம் ஆளின் கை எட்டும் உயரம். இவ்வளவு யோசனையோடு போட்ட பந்தலிலேயே நாள் முழுக்கத் தலையை அண்ணாந்து, கையைத் தூக்கிக் கவாத்து செய்தும் குலை வெட்டியும் கழுத்து இற்றுப்போகிறது. அந்தக் கழுத்தோடு வரும் ஒரு பெண்ணை நான்கடிப் பொந்துக்குள் குனிய வைத்து எதை உணர்த்துவது? உடல் உழைப்பின் வலியையா? அசௌகரியத்தை அழகியலாக்குவது சௌகரியமாக வாழ்கிறவர்களுக்காக ஏற்பட்ட காரியம். மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்து வருபவனை மண்ணில் உட்கார வைத்தால் அது ஒரு அதிர்ச்சி. மண்ணிலிருந்து எழுந்து வருபவனுக்கு அதிர்ச்சி தரக்கூடியது ஒருவேளை ஒரு பெஞ்சுதான்.

இருட்டு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஆள் அகல இருட்டில், முன்னும் பின்னும் தெரியாதவர்கள் இருக்க, நம் ஊர்ப் பெண்கள் நுழைய மாட்டார்கள். நுழைந்தாலும் அவர்கள் காது உளிச் சத்தத்தில் இருக்காது, முதுகுக்குப் பின்னால் இருக்கும். பஸ்ஸிலும் திருவிழாக் கூட்டத்திலும் முழங்கையை முன்னால் வைத்தே நடக்கப் பழகியவர்கள். இருட்டு என்பது ஆணுக்கு ஒரு படிமம், பெண்ணுக்கு அது ஒரு சந்தர்ப்பம் - வேறொருவனுடைய சந்தர்ப்பம். தொடுவது என்பதும் நம் ஊர்களில் வெறும் ஸ்பரிசமல்ல. யார் யாரைத் தொடலாம் என்பதற்கு இங்கே எழுதாத சட்டங்கள் உண்டு. இவற்றை உடைப்பதே நோக்கம் என்று ஒரு கலைஞன் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தெரியாமலேயே உடைந்தால், உடைவது பார்வையாளர்களில் பலவீனமானவர்கள்தான்.

பங்கேற்பைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் பக்கத்திலேயே இருப்பதைக் கவனிப்பதில்லை. தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி. சித்திரைக் கடைசியில் கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள். அதற்கு மூன்று வாரங்கள் முன்பே அத்திமரத்தில் வெட்டிய முக்கொம்புக் கம்பத்தை நட்டுவிடுகிறார்கள். ஆற்றில் மொண்ட நீரைக் கொண்டுவந்து அதற்கு ஊற்ற வேண்டும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தவளும் ஊற்றலாம், தடியூன்றிய கிழவரும் ஊற்றலாம். இது முதல் படி. பிறகு மாவிளக்கு. பிறகு உடம்பெங்கும் துளையிட்டு உள்ளே விளக்கு வைத்த ஆயிரங்கண் பானை; கண் நோவு தீர வேண்டிக்கொண்டவர்கள் எடுப்பது. பார்வை இழந்த பாண்டியன் இங்கே வேண்டிக் கண் பெற்றான் என்பது தலத்தின் கதை. பிறகு அக்கினிச் சட்டி. அதற்கும் மேலே அலகு. எந்தப் படியில் நிற்பது என்பதை வருகிறவர்தான் முடிவு செய்கிறார். ஒருவர் நீரை ஊற்றிவிட்டுப் போனதால் அவருடைய திருவிழா குறைந்துபோவதில்லை. நம் நிறுவல் கலைகளில் இந்தப் படிகள் கிடையாது. ஒன்று, முழுக்க உள்ளே. இல்லையென்றால் வாசலில் நின்று திரும்பிப் போ.

அக்கினிச் சட்டியைப் பாருங்கள். கங்கு கனலும் மண்சட்டி. உள்ளங்கையில் ஈர வேப்பிலையைக் கொத்தாக வைத்து அதன் மேல் சட்டி. கூடவே வருகிறவர் காலுக்கு நீர் ஊற்றுகிறார். தெருக்காரர்கள் குடத்தோடு வாசலில் நிற்கிறார்கள். இந்த வேப்பிலையைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது புனிதம், அம்மனுக்கு உரியது, எல்லாம் சரி. அதோடு அது ஒரு தீர்க்கமான வடிவமைப்பு முடிவு. நெருப்பைக் குறைக்கவில்லை. நெருப்புக்குப் பதில் சிவப்புக் காகிதம் வைக்கவில்லை. கை வெந்துபோகாதபடி மட்டும் பார்த்துக்கொண்டது. கை வெந்தால் சட்டி கீழே விழும். சட்டி விழுந்தால் நேர்த்திக்கடன் இல்லை. எந்த ஒரு கஷ்டம் சடங்கின் உயிரோ அதை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற அத்தனை கஷ்டங்களையும் - தார்ச்சாலைச் சூடு, தாகம், கூட்டத்தின் நெரிசல் - இலையும் நீரும் உறவுக்காரர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். சூரித்தா தன் கிடங்கில் செய்ததும் இதுவே.

பக்தி இருக்கிறது, ஆகவே தாங்குகிறார்கள், கலைக்கு இது பொருந்தாது என்று உடனே ஆட்சேபம் வரும். பக்தி இருந்தும் வேப்பிலை வைத்துக்கொள்கிறார்களே என்பதுதான் என் பதில். பக்தி இல்லாத பார்வையாளனுக்கு நாம் இரண்டு மடங்கு வைக்க வேண்டாமா? இன்னொரு ஆட்சேபமும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் சௌகரியமாக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஏஸி போட்ட வணிக வளாகத்தில் போய் முடியும் என்பது. முடியத்தான் செய்யும், எல்லாவற்றையும் ஆக்கினால். கண்ணாடியும் விளக்கும் போட்டு, நின்று படம் எடுத்துக்கொள்வதற்கென்றே கட்டப்படும் அறைகள் இப்போது நகரங்களில் நிறைய. அங்கே பார்வையாளனுக்கு ஒரு குறையும் கிடையாது, நடப்பதும் ஒன்றும் கிடையாது. ஒரு படைப்பில் எந்த அசௌகரியம் இன்றியமையாதது என்று கண்டுபிடிப்பதற்கு அந்தப் படைப்பு எதைப் பற்றியது என்று கலைஞனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன்தான் எல்லாக் கஷ்டங்களையும் சேர்த்து வைக்கிறான், ஏதாவது ஒன்று வேலை செய்யட்டும் என்று.

இதை எழுதும்போது நம் பத்திரிகைகளின் ஞாபகம் வராமலில்லை. வாசகன் உழைக்க வேண்டும் என்று அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகிறோம். உழைக்கட்டும். ஆனால் கவிதையின் உள்ளே இருக்கும் இருட்டுக்காக உழைப்பது வேறு. ஆங்கிலம் வழியாக வந்த ஒரு ஐரோப்பியக் கவிதையில் வினைச்சொல் எங்கே தொங்குகிறது என்று தேடி உழைப்பது வேறு. இரண்டாவதைப் பல சமயம் ஆழம் என்று மதித்திருக்கிறோம். கட்டுரையின் நாலாவது பக்கம் ஏழாவதாகத் தைக்கப்பட்டு வந்தபோது அதையும் ஒரு உத்தி என்று வியந்த வாசகரை எனக்குத் தெரியும். விரலில் ஏறிய சிம்புதான் அதுவும். எளிமையாக எழுது என்று வணிகப் பத்திரிகைக்காரன் சொல்வதும் இதுவும் ஒன்றல்ல. அவன் நெருப்பை எடுத்துவிடச் சொல்கிறான்.

நண்பரிடம் நான் சொன்னவை இவை. சுரங்கத்தின் நுழைவில் உயரம் ஆறடி இருக்கட்டும். போகப் போக இறங்கட்டும், ஆனால் குனிய வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக, இரண்டு தப்படி அளவில், நடுவில் இருக்கட்டும். ஒரே முறை குனிந்தால் அது தலைவணங்குவதாகவும் ஆகும், நாற்பதடியும் குனிந்தால் அது இடுப்பு வலி மட்டுமே. அந்த இடத்துக்கு முன்னால் பக்கவாட்டில் ஒரு வாசல், விளக்கம் கேட்காத வாசல், வெளியேறுகிறவர் தோற்றவராகத் தெரியாதபடி. அகலம் இரண்டு ஆள் விலகும் அளவு. தரையோரம் மங்கலாக ஒரு வெளிச்சக் கோடு, முகம் தெரியாவிட்டாலும் ஆள் தெரியும்படி. நீர் சொட்டட்டும், வழுக்கும் இடத்தில் சொட்ட வேண்டாம். சம்மட்டிச் சத்தம் தாங்கக்கூடிய அளவில், விட்டு விட்டு வரட்டும். குனிந்து எழுந்த பிறகு, முழு இருட்டில், ஒரு பெஞ்சு. அங்கே சத்தம் நிற்க வேண்டும். நாள் முழுக்க நின்று வேலை செய்த ஒரு பெண் அந்த இருட்டில் உட்கார்ந்து, சத்தம் நின்றுபோன மௌனத்தைக் கேட்கட்டும். சம்மட்டி அடித்தவனின் கை நின்றது ஏன் என்று அவளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் ஒரு பலகை: உள்ளே இருட்டு, நீர் சொட்டும், ஒரு இடத்தில் குனிய வேண்டும், நடுவில் வெளியேறலாம், இத்தனை நிமிஷம் ஆகும்.

பலகைதான் அவரை மிகவும் சங்கடப்படுத்திற்று. "முன்னாடியே எல்லாத்தையும் சொல்லிட்டா அப்புறம் உள்ள என்னண்ணே இருக்கு?" என்றார். சட்டியில் நெருப்பு இருப்பது தெரிந்துதானே எடுக்கிறார்கள் என்றேன். தெரியாமல் நடப்பது விபத்து. தெரிந்து, சம்மதித்து, கையை நீட்டிய பிறகு நடப்பதுதான் பங்கேற்பு. கொச்சியில் நீர் இருக்கிறது என்பது இறங்குமுன்பே எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிந்தது. அதனால் கவிதையின் பலம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவர் பதில் சொல்லாமல் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்துப் புதிதாக வரைந்து கொண்டுவந்திருந்தார். பக்கவாசல் இருக்கிறது. பெஞ்சு இருக்கிறது, பலகையில் செய்வதா, சுரங்கத்துக்கு ஏற்றாற்போல் கல்லில் போடுவதா என்று கேட்டார், பலகை என்றேன், கல் சில்லிடும். அறிவிப்பை இரண்டு வரியில் எழுதிவிட்டார், நன்றாகவே எழுதியிருந்தார். கூரை விஷயத்தில் மட்டும் இன்னும் பேச்சு நடக்கிறது. குனிய வேண்டிய இடம் இப்போதைக்குப் பன்னிரண்டு அடி நீளம், உயரம் நாலரை.